ஒரு கால் போதும் என்று எழுதிய மகனுக்கு

சேகர்,

இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளாக அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். உன் அப்பா நேற்று, "இன்னாடி, சேக்காட்ல இர்ந்து மஸ்கட்டுக்கு நடந்தே பூடலாம்னு பாக்கறியா?" என்று கேட்டார். முடிந்தால் போயிருப்பேன். உன் காதைப் பிடித்துத் திருகி, ஒரு வாய் சோறும் ஊட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன். அது முடியாததால் எழுதுகிறேன். கட்டிலில் சாய்ந்து, காலை இரண்டு தலையணைமேல் தூக்கி வைத்து, மடியில் சப்பாத்திப் பலகையைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பலகைமேல் பழியைப் போடு. ஐந்தாவதோடு நின்றவள் இதைவிட நேராக எழுதினால் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று நீ சந்தேகப்படுவாய்.

நீ எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு மனப்பாடம். "கோமதிக்கும் கால் வீங்கியிருக்கிறது என்று இங்கே வந்த நம் தெருக்காரன் சொன்னான். நம் வீட்டுக்கு ஒரு யானைக்கால் போதும்மா. நான் லீவில் வரும்வரை அவளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிடு. சரியானால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." முதல் தடவை படித்ததும் சிரித்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்து என் காலையும் வீட்டில் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்த்திருக்கிறான் பிள்ளை என்று நினைத்தேன். இரண்டாம் தடவை படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதுவும் உன் கடிதத்தால்தான்.

தெருக்காரன் சொன்னதைக் கேட்டாய். வீட்டுக்காரி சொல்வதையும் கேள். நீ விமானம் ஏறிய இரண்டாம் மாதம் கோமதிக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. பல் அடித்துக்கொள்ளும்படி நடுங்கினாள். தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு நெறி கட்டியது. இடது பாதம் சிவந்து வீங்கியது. அவள் என்னிடம் சொன்னது, அடிபம்பு பக்கத்தில் வழுக்கிச் சுளுக்கிக்கொண்டது என்று. நானும் நம்பியிருப்பேன். ஆனால் அவள் நிற்கும்போது ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்து நின்றாள். புடவையைத் தரையில் படும்படி இறக்கிக் கட்டினாள். யாராவது வந்தால் எழுந்திருக்காமல் அரிசி பொறுக்குவதுபோல உட்கார்ந்தே இருந்தாள். இந்த வித்தையெல்லாம் நான் போட்டுப் போட்டுப் பழசாக்கியது. அதைக் கண்டுபிடித்தவள் ஒழுங்காக வாயை வைத்துக்கொண்டு இருந்தேனா? "இன்னாடி, மாமியார் சொத்துல மொதல்ல காலத்தான் எழுதி வாங்கிகினியா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், அது எனக்கு முன்னால் ஓடும். அந்த ஒரு கேலியால் அவள் இன்னும் இரண்டு நாள் காலைக் காட்டவில்லை. அந்த இரண்டு நாள் என் தப்பு. எழுதி வைத்துக்கொள்.

மூன்றாம் நாள் அவள் படுத்திருந்தபோது நானே புடவையை விலக்கிப் பார்த்தேன். எழுந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அத்த, உங்க கால தொட்டுக் கேக்கறேன், அவருக்கு மட்டும் எழுதாதீங்க" என்றாள். "எந்தக் காலடி தொட்ற, நல்லதையா கெட்டதையா? சீக்கிரம் சொல்லு, ஆஸ்பத்திரி சாத்திடுவான்" என்றேன். அப்போதுதான் காய்ச்சலோடு லேசாகச் சிரித்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார்கள். அங்கே இருந்த நர்சம்மா பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மெட்டியை இன்றைக்கே கழற்றிவிடு" என்றார். கோமதி தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும், "அவரு கையால போட்டது அத்த. அவரு கடல் தாண்டிப் போய்கீறப்போ நான் எப்படி கழட்றது?" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவளிடம் அன்று சொன்னதை உனக்கும் சொல்கிறேன். உனக்கு இது தெரியாது, ஏனென்றால் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்.

நாம் திருமுல்லைவாயிலில் குடியிருந்தபோது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மருந்து பாட்டில் கழுவும் வேலைக்குப் போனேன். எட்டு மணி நேரமும் கால் தண்ணீரில்தான். விரல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். அங்கே வேலை செய்த எல்லோருக்கும் அது இருந்தது, அதனால் யாருக்கும் அது நோயாகத் தெரியவில்லை. பிறகு கோமதிக்கு வந்த அதே காய்ச்சல், அதே நெறி. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி சுட்ட மணலைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். தோல் வெந்து கொப்பளம் ஆனதுதான் மிச்சம். ஒருத்தி பழம்புடவையைக் கிழித்து முழங்கால்வரை இறுக்கிக் கட்டினாள். கட்டுக்குக் கீழே விரலெல்லாம் உருண்டு நின்றது. மெட்டி மட்டும் அப்படியே இருந்தது. உன் அப்பாவுக்கு அப்போது தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் வேலை. அந்த எஸ்டேட்டில் பத்து விரலோடு வீட்டுக்கு வருகிறவனே கெட்டிக்காரன். நான் மெட்டியைக் கழற்றிய அன்றைக்கு மிஷின் அவர் கையைப் பிடித்துவிடும் என்று எனக்குப் பயம். விரல் கறுத்தாலும் கழற்றுவதில்லை என்று இருந்தேன்.

அப்புறம் உன் அத்தை வந்தாள். "புள்ள ஊட்ல கீது, இவள ஆத்தா ஊட்ல வுட்டு வை, சரியானா கூட்டிக்கலாம்" என்று உன் அப்பாவிடம் சொன்னாள். நீ எழுதிய அதே வார்த்தை. உங்கள் குடும்பத்தில் இதைப் பரம்பரையாகச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்ன? உன் அப்பாவும் என்னைப் பூந்தமல்லியில் என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார். உன்னிடம் அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார்கள். ஐந்து மாதம், சேகர். சரியாகிறவரை என்பதற்குத் தேதி கிடையாது. யாரும் வந்து இப்போது சரியாகிவிட்டது என்று சீட்டுக் கிழித்துக் கொடுக்க மாட்டார்கள். அங்கே எல்லோரும் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் விருந்தாளி வந்தால் பின் அறைக்குப் போவேன். குழாயடியில் ஆள் இருந்தால் கால் கழுவ மாட்டேன். மெட்டியைக் கழற்றுகிற பேச்சே இல்லை. புருஷன் கொண்டுவந்து விட்ட பெண் காலில் மெட்டியும் இல்லையென்றால் தெரு என்ன சொல்லும்? மெட்டி இருந்தால் திரும்பிப் போகப் போகிறவள். இல்லையென்றால் ஒரேயடியாக வந்துவிட்டவள். அந்த வெள்ளி வளையம் சதைக்குள் புதைந்து, மேலே பார்த்தால் தெரியாமல் போய், அதன் அடியில் சீழ் வைத்தது. அந்த ஐந்து மாதத்தில் நான்கு தடவை காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு காய்ச்சலும் போகும்போது காலைக் கொஞ்சம் கனமாக்கிவிட்டுப் போனது. நீ பார்த்து வளர்ந்த இந்தக் கால் அங்கே உண்டானது. கொசு தொடங்கி வைத்தது, மிச்சத்தை நாங்கள் செய்து முடித்தோம்.

ஐந்தாம் மாதம் உன் அப்பா பார்க்க வந்தார். என் காலைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். மறுநாள் கம்பெனியிலிருந்து சின்னக் கட்டரும் அரமும் கொண்டுவந்தார். நான் காலை இழுத்தேன். "வேணாய்யா, உனுக்கு எதுனா ஆய்டும்" என்றேன். "எனுக்கு இன்னா ஆவும்? கை மாட்டாம இர்க்க மிஷினுக்கு கார்டு போட்டுகீறான், அது பாத்துக்கும். உன் காலுக்குத்தான் நாதி இல்ல. கம்முனு குந்து" என்றார். ஸ்பூன் காம்பை மெட்டிக்கும் சதைக்கும் நடுவில் விட்டு, மணிக்கணக்கில் அறுத்தார். நான் கத்திய கத்தலுக்கு அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்தது. வளையம் இரண்டாகி விழுந்ததும் அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். என்னைக் கொண்டுபோய் விட்டது தப்பு என்று அவர் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. ஆனால் நான் கால் கழுவும் வாளியை அன்றிலிருந்து அவர்தான் நிரப்பி வைக்கிறார். நீ அதைப் பார்த்து, அப்பாவுக்குத் தண்ணீர் பிடிப்பதில் அவ்வளவு ஆசை என்று நினைத்திருப்பாய்.

இதையெல்லாம் கோமதியிடம் சொல்லி முடித்து, "மெட்டி கழட்டி இருவது வர்சம் ஆவுது. அந்த மன்சனுக்கு இன்னா கொறஞ்சிப் போச்சி, நீயே பாரு" என்றேன். நேரம் பார்த்து உள்ளேயிருந்து உன் அப்பா, "இன்னும் ரெண்டு கரண்டி ரசம் ஊத்துங்கம்மா" என்று குரல் கொடுத்தார். கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளாகவே காலை நீட்டினாள். சோப்பு நுரை தடவி, நூலைச் சுற்றி, மெல்ல மெல்ல உருட்டி எடுத்தோம். வீக்கம் முழுசாக ஏறும் முன்னால் எடுத்ததால் அறுக்க வேண்டியிருக்கவில்லை. மெட்டியைத் தாலிக் கயிற்றோடு சேர்த்து முடிந்துகொண்டாள். இடம்தான் மாறியிருக்கிறது. உனக்கு ஒரு குறையும் வராது. வந்தால் என் கையால்தான் வரும், லீவில் வா, காட்டுகிறேன்.

இப்போது தினமும் மாலையில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. உடம்பில் ரத்தம் தவிர இன்னொரு நீரும் ஓடுகிறதாம். நிணநீர் என்று அந்த நர்சம்மா சொன்னார். என் வாயில் நுழையவில்லை, சின்ன வாய்க்கால் தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். ரத்தத்துக்கு நெஞ்சு இருக்கிறது, அடித்துத் தள்ளுகிறது. இதற்கு அப்படி ஒரு மோட்டார் இல்லை. நாம் அசைந்தால்தான் அது நகரும். வாய்க்கால் ஓரிடத்தில் கெட்டுப்போனால் நம் தெருவில் மழைக்காலத்தில் நிற்பதுபோல நின்றுவிடும். கெட்ட வாய்க்காலை மாத்திரையால் புதிதாக்க முடியாது, மாத்திரை கொசு கடித்து உள்ளே விட்ட புழுவுக்கு. ஆனால் மேட்டில் வைத்து வடியவிடலாம், அழுக்குச் சேராமல் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் வைத்தியம். ஒரு நாள் செய்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாளும் விடாமல் செய்தால் தெரியும்.

பின்கட்டில் இரண்டு முக்காலி போட்டு உட்காருகிறோம். பச்சைத் தண்ணீர், சாதாரண சோப்பு. சுடுதண்ணீர் கூடாது. முழங்காலிலிருந்து கீழே, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவ வேண்டும். கோமதி முதல் நாள் பீர்க்கங்கூடை எடுத்து வந்தாள். "பாத்திரமா தேய்க்கப் போற?" என்று பிடுங்கிப் போட்டேன். தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஊசிமுனை அளவு வெடிப்பு இருந்தாலும் களிம்பு போட வேண்டும். அந்த வழியாகத்தான் அடுத்த காய்ச்சல் உள்ளே வரும். பிறகு காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, தையல் மிஷின் மிதிப்பதுபோலப் பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும், கணுக்காலைச் சுற்ற வேண்டும், வயிறு எழும்ப மூச்சு இழுத்து விட வேண்டும். காய்ச்சலும் சிவப்பும் வந்தால் மட்டும் இந்த ஆட்டமெல்லாம் நிறுத்தம். அன்றைக்குப் படுக்கை, ஈரத்துணி, டாக்டர். தேய்ப்பதும் ஒத்தடமும் கிட்டவே வரக் கூடாது. மற்ற நாளில் நடக்கலாம், வேலை செய்யலாம். ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருப்பதும் தொங்கவிட்டு உட்கார்ந்தே இருப்பதும்தான் ஆகாது. இதில் எனக்குக் கஷ்டமானது எது தெரியுமா? காலைத் தூக்கி வைத்துச் சும்மா கிடப்பது. எனக்கு அடுப்பில் பால் இருக்கிறது, வாசலில் பூக்காரி போகிறாள், பக்கத்து வீட்டில் என்ன சண்டை என்று தெரிய வேண்டும். கோமதிதான், "அத்த, கால எறக்காதீங்க, கட்டிப் போட்டுடுவேன்" என்று மிரட்டுகிறாள். இந்தக் கடிதத்தை நான் இரண்டு நாளாக அந்த நேரத்தில்தான் எழுதுகிறேன். உன்னால் என் காலுக்கு நல்ல ஓய்வு.

நான் செய்த பெரிய தப்பை இன்னும் சொல்லவில்லை. இவ்வளவு வருடம் நான் கழுவியதை நீ ஒரு நாளும் பார்த்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். வெளியே வந்தால் காலைப் பற்றி நானே ஜோக் அடிப்பேன், நீயும் உன் கூட்டாளிகளும் சிரிப்பீர்கள். நீ பார்த்தது காய்ச்சலில் நான் உளறியதையும், கல்யாண வீட்டில் ஓரமாக நின்றதையும்தான். அதனால் கால் வீங்கியது என்று கேட்டதும் உனக்கு அந்தப் பயங்கரம் மட்டும் ஞாபகம் வந்திருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இதை எழுதும்போது பாதி என் பக்கம் திரும்பிவிட்டது. மிச்சப் பாதியை நீ வைத்துக்கொள். ஒன்றைத் தெரிந்துகொள், இது தொட்டால் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தால் ஒட்டாது, வயிற்றுப் பிள்ளைக்கும் போகாது. கொசுதான் கொண்டுபோகும், அதுவும் எந்த வருடம் எந்தத் தெருவில் கடித்ததோ. கள்ளிக்குப்பத்தில் அவள் அம்மா வீட்டார் மறைத்துக் கட்டி வைத்தார்கள் என்று நினைக்காதே, அவர்களுக்கே தெரியாது. அவளுக்குக் காய்ச்சல் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது. வீக்கம் காலையில் அநேகமாக வடிந்துவிடுகிறது, சாயங்காலம் கொஞ்சம் ஏறுகிறது. என் கால் இருக்கும் இடத்துக்கு அது வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் நீ அவளைக் கொண்டுபோய் விடச் சொன்னால், அவள் முதல் வேலையாக மெட்டியை எடுத்து மறுபடி விரலில் மாட்டிக்கொள்வாள். எனக்குத் தெரியும். நான் அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தவள்.

உன் கடிதத்தைத் தபால்காரர் அவள் கையில்தான் கொடுத்தார். என் பெயருக்கு வந்ததால் பிரிக்காமல் கொண்டுவந்து தந்தாள். நான் படித்து முடிக்கும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னா அத்த எழுதிகீறாரு?" என்று கேட்டாள். என் வாய் எனக்கு முன்னால் ஓடும் என்றேன் அல்லவா, இந்தத் தடவை நல்ல பக்கமாக ஓடியது. "உன் கால் அளவு கேட்டுகீறான்டி. அங்க மெத்துனு செருப்பு கெடைக்குதாம், வார் வெச்சி இறுக்கி தளத்தற மாரி" என்றேன். அவள் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். "ரெண்டு காலுக்குமா?" என்றாள். "பின்ன, ஒத்தக் காலுக்கு எவன் விப்பான்?" என்றேன்.

பழைய காலண்டர் தாளைக் கிழித்து அவளே தரையில் போட்டு ஏறி நின்றாள். நான் குனிந்து பென்சிலால் ஓரம் வரைந்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இடது பாதத்துக்கு வந்தபோது, "அத்த, கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுங்களேன்" என்றாள். போட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் அதை அழித்துவிட்டு, உள்ளது உள்ளபடியே வரைந்தேன். பொய் அளவில் வாங்கினால் விரலைக் கடிக்கும். அவளும் காலை இழுத்துக்கொள்ளாமல் நின்றாள். அழித்த கோடு இன்னும் லேசாகத் தெரியும், பார்.

அவளை நான் எங்கும் அனுப்பப் போவதில்லை. நீ லீவில் வந்தால் இங்கே இருப்பாள், பின்கட்டில் மூன்றாவது முக்காலி ஒன்று உனக்கும் போடுவேன். தாளை இதோடு வைத்திருக்கிறேன். நான் சொன்னது பொய்யா உண்மையா என்பது இனி உன் கையில். இடது பாதத்தின் அளவைப் பார்த்து வாங்கு. பார்சலின் மேல் என் பெயரை எழுதாதே, அவள் பெயரை எழுது.

அம்மா